காதடைப்பும் புலனடக்கமும்

கொச்சிக்கு வடக்கே, பெரியாற்றின் கிளைகளுக்கு நடுவில் கிடக்கும் தீவு ஏலூர். 1947-இல் ஃபாக்ட் உர ஆலை அங்கே உற்பத்தியைத் தொடங்கியதிலிருந்து இயந்திர இரைச்சலும் ஊரோடு சேர்ந்தே வளர்ந்தது. எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபெல் என்பது தொழிற்சாலை விதிகள் வைத்த வரம்பு. அதைத் தாண்டும் இடத்தில் காதை மூடித்தான் நிற்க வேண்டும். அதே ஃபாக்ட், எம்.கே.கே. நாயர் பொறுப்பில் இருந்த காலத்தில், கதகளிப் பள்ளியும் நடத்தியது. கம்ப்ரெஸருக்கு மூடிய காதைக் கதகளியின் செண்டைக்குத் திறந்து வைத்த ஊர்! செண்டை ஒன்றும் மெல்லிய வாத்தியம் அல்ல. சத்தத்தின் அளவு மட்டுமே காதை மூட வைப்பதில்லை என்பது அங்கேயே தெரிந்துவிடுகிறது.

ஏலூரிலிருந்து நெடும்பாசேரி விமான நிலையம் அதிகத் தொலைவில்லை. அங்கிருந்து வளைகுடாவுக்கும் அதைத் தாண்டியும் பறப்பவர்கள் பலருடைய பையில் நுரைக் காதடைப்பானோ, இரைச்சல் நீக்கும் ஹெட்போனோ இருக்கிறது. விமானத்துக்குள் 80 டெசிபெல்லை ஒட்டிய உறுமல் மணிக்கணக்காக நீடிக்கும். தூங்க விரும்புபவர் மட்டுமல்ல, ஜெபமாலை உருட்டுபவரும் தியானத்தில் அமர்பவரும் இவற்றை நாடுகிறார்கள். அப்போது ஒரு பழைய கேள்வி எட்டிப் பார்க்கிறது: காதை அடைத்துக்கொள்வது புலனடக்கம் ஆகுமா?

இதே கேள்வி புத்தரிடம் வந்திருக்கிறது. பௌத்த நூலான மஜ்ஜிம நிகாயத்தின் கடைசிச் சுத்தத்தில் (உரையில்), பாராசரியர் என்ற அந்தணரின் மாணவன் உத்தரன் அவரைப் பார்க்க வருகிறான். உன் ஆசிரியர் புலன்களைப் பழக்கச் சொல்லித்தரும் முறை என்ன என்று புத்தர் கேட்கிறார். கண்ணால் காணாமலும் காதால் கேளாமலும் இருப்பது என்கிறான். அப்படியானால் குருடரும் செவிடரும் ஏற்கெனவே கரைசேர்ந்தவர்கள்தானே என்று புத்தர் திருப்பிக் கேட்க, உத்தரன் தலைகுனிந்து உட்கார்ந்துவிடுகிறான். ஓசை விழட்டும், அதனால் எழும் விருப்பையும் வெறுப்பையும் கண்டுகொண்டு சமநிலைக்குத் திரும்புவதே பயிற்சி என்பது புத்தரின் பக்கம்.

ஆனால் மகாபரிநிப்பான சுத்தம் வேறொன்று சொல்கிறது. புத்தரின் முன்னாள் ஆசிரியர் ஆளார காலாமர் மரத்தடியில் விழிப்போடு அமர்ந்திருக்க, பக்கத்திலேயே ஐந்நூறு வண்டிகள் போயினவாம்; அவர் கேட்கவில்லை. புத்தர் தம் அனுபவத்தையும் சொல்கிறார். ஆதுமாவில் பெருமழை, இடி. இரண்டு உழவர்களும் நான்கு எருதுகளும் மாண்டுபோனார்கள். அவருக்கு அது கேட்கவேயில்லை. முரண்பாடுதானே? முழு முரண் அல்ல. அவர்கள் காதில் எதையும் திணித்துக்கொள்ளவில்லை. மேலும், வெளியே வந்து கூட்டத்தைக் கண்டதும், ஏன் கூடியிருக்கிறார்கள் என்று ஒருவரிடம் விசாரித்ததும் அதே புத்தர்தான். இடி செவியில் ஏறாத மனிதர் பக்கத்து மனிதரைத் தவறவிடவில்லை.

இதற்கு நேர் எதிர் ஹரிவம்சத்தின் கண்டாகர்ணன். விஷ்ணுவின் பெயர் காதில் விழக்கூடாதென்று காதுகளில் மணி கட்டிக்கொண்ட சிவபக்தன். கடைசியில் சிவனே, முக்தி வேண்டுமானால் விஷ்ணுவிடம் போ என்று அனுப்பிவைக்கிறார். அடுத்த இருக்கைக்காரரின் பேச்சை மூழ்கடிக்க ஹெட்போனில் பாட்டை உரக்க வைப்பவரும் மணி கட்டியவரே. செவிக்கும் அது கேடு.

நுரைக் காதடைப்பானா, இரைச்சல் நீக்கும் ஹெட்போனா, எதை வாங்குவது என்ற கேள்விக்கும் இதில் பதில் இருக்கிறது. நுரையை உருட்டிச் செருகி, விரியும்வரை விரலால் அழுத்திப் பிடித்தால், அது எல்லா ஓசையையும் தணிக்கும்; குரல் போன்ற உயர்ந்த ஓசைகளை இன்னும் நன்றாக. பேட்டரியும் வேண்டாம், காசும் கொஞ்சம்தான். ஹெட்போனோ மைக்கில் உறுமலைப் பிடித்து, அதற்கு எதிரலையை எழுப்பி, தாழ்ந்த ஓசையைக் கரைக்கிறது. குழந்தையின் அழுகை அதையும் மீறி ஓரளவு வந்து சேரும். விற்பனையாளருக்கு அது குறை. எஞ்சின் நம்மிடம் எதுவும் கேட்பதில்லை, அழும் குழந்தையின் தாய்க்கு ஒரு கை உதவி தேவைப்படலாம் என்று பார்த்தால், அந்தக் குறையே ஹெட்போனின் பக்கம் தராசைச் சாய்க்கிறது.

அந்த ஹெட்போனின் பிறப்பும் இந்தப் பார்வைக்கு ஒத்துப்போகிறது. வங்கத்திலிருந்து வந்த விடுதலைப் போராளியின் மகனான அமர் போஸ், 1978-இல் சூரிச்சிலிருந்து பாஸ்டனுக்குப் பறக்கையில் இதன் கணக்கைப் போட்டார். 1989-இல் அவர் நிறுவனம் முதலில் விற்பனைக்குக் கொண்டுவந்தது விமானிகளுக்கான ஹெட்செட். தரையிலிருந்து பேசும் குரல் அவர்களுக்குத் தெளிவாகக் கேட்க வேண்டியிருந்தது.