மெய்யான மகிழ்ச்சி யாது?

துன்பம் இல்லாத நிலையே மகிழ்ச்சி என உலகோர் எண்ணுகின்றனர். கிறிஸ்தவ ஞானியரோ, துன்பத்தின் நடுவிலும் அழியாது நிற்பதே மகிழ்ச்சி என்றனர். இக்கூற்று உண்மையா, அன்றி ஏழைகளை அடக்கி வைக்கும் உபாயமா என்பதை நாம் நடுநிலையோடு ஆராய்வோமாக.

கி.பி. 13ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த தாமஸ் அக்வினாஸ் என்னும் பேரறிஞர், இன்பத்தையும் மகிழ்ச்சியையும் பிரித்துக் காட்டினார். இன்பம் விலங்குக்கும் உண்டு; பகுத்தறிவுடைய உயிரே மகிழ்ச்சியை அறியும். அம்மகிழ்ச்சி தனியானதொரு நற்குணமன்று, அன்பின் விளைவு என்பது அவர் முடிவு. ஆகவே மகிழ்ச்சியைத் துரத்துவோன் அதனை அடையான். அன்பு செய்வோனை அது தானே வந்தடையும் என நாம் கொள்ளலாம்.

அவருக்கு முன்பே இதனை வாழ்ந்து காட்டியவர் அசிசி நகரத்துப் பிரான்சிஸ். துணி வணிகரின் மகனாகப் பிறந்து, செல்வத்தைத் துறந்து, 1226இல் மறைந்தவர். சகோதரர் லியோவுக்கு அவர் கூறியதாக ஒரு வரலாறு வழங்குகிறது. பாரிஸ் நகரத்து ஆசிரியர் அனைவரும் தம் சபையிற் சேர்ந்தாலும், அரசரே வந்து சேர்ந்தாலும் அது மெய்யான மகிழ்ச்சி ஆகாது. பனிக்கால இரவில், சேற்றில் நடந்து, உறைந்த பனி கால்களைக் கிழிக்கத் தம் மடத்துக் கதவைத் தட்டும்பொழுது, உள்ளிருப்பவர் அறிவிலி என்று இகழ்ந்து விரட்டினாலும் மனங்கலங்காது பொறுமை காத்தால், அதுவே மெய்யான மகிழ்ச்சி என்றார்.

இவ்விடத்தில் நாம் விழிப்பாயிருத்தல் வேண்டும். வெளியே தள்ளப்பட்டவனை நோக்கி, உள்ளே குளிர்காய்பவன் "பொறுமையாயிரு, மகிழ்ந்திரு" என்று போதிப்பானாகில், அது ஞானமாகாது, கொடுமையே ஆகும். பிரான்சிஸ் அவ்வாறு போதிக்கவில்லை. விரட்டப்படுபவராகத் தம்மையே வைத்துக் கூறினார். இன்னொன்றும் நோக்கத்தக்கது. அக்கதையில் அவர் வாய்மூடித் திரும்பிச் செல்லவில்லை. மீண்டும் கதவருகில் நின்று இடம் கேட்கிறார். பொறுமை என்பது உரிமையைக் கைவிடுதல் அன்று. கேட்கும்பொழுதும் உள்ளத்திற் பகை புகாமற் காத்தலே பொறுமை.

அம்மகிழ்ச்சி அவருக்கு எங்கே பிறந்தது? இளமையில் தொழுநோயாளரைக் காண்பதே அவருக்குக் கசப்பாயிருந்தது. பின்னர் அவர்களிடையே சென்று இரக்கம் காட்டியபொழுது, அக்கசப்பே இனிமையாக மாறிற்று எனத் தம் இறுதி உரையில் குறித்து வைத்தார். ஊரார் ஒதுக்கியவரை அணுகிய நாளிலேயே அவர் மகிழ்ச்சியை அறிந்தார்.

எனவே, அன்பர்களே, மகிழ்ச்சியைப் பற்றி யார் போதித்தாலும் அவர் நிற்கும் இடத்தை முதலிற் காண்போம். தன் துன்பத்தைப் பொறுத்துக்கொண்டு மகிழ்பவன் ஞானி. பிறர் துன்பத்தைப் பார்த்துப் பொறுத்துக்கொண்டு மகிழ்பவனுக்கு அப்பெயர் பொருந்தாது. கதவைத் தட்டுவோர்க்கு நாம் தரவேண்டியது போதனை அன்று, கதவைத் திறத்தலேயாம்.