உன் சொந்தத் திராட்சத்தோட்டம் எங்கே?

(தியானப் பகுதி: உன்னதப்பாட்டு 1:6, அப்போஸ்தலர் 18-ம் அதிகாரம்)



இந்த முறை செய்தி கொடுக்கிறதற்கு முன்னே நான் ஒரு அறிக்கை செய்யவேண்டியிருக்கிறது. உங்களில் அநேகர் கடை வைத்திருக்கிறீர்கள், தையல் மெஷின் போட்டிருக்கிறீர்கள். நானும் ஊழியக்காரன் மட்டுமல்ல, பலசரக்குக் கடைக்காரன். என் கதை உங்கள் கதையாயும் இருக்கலாம்.

2020 மார்ச் மாதம் கொரோனாவினால் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டன. பலசரக்குக் கடையை மூட முடியுமா? ஜனங்கள் சாப்பிடவேண்டுமே! கடைப் பையன் ஊருக்குப் போய்விட்டான். நானும் என் மனைவியும்தான் நின்றோம். மகள் ஆறாம் வகுப்பு, மகன் மூன்றாம் வகுப்பு. அரிசி மூட்டைமேல் புத்தகத்தை விரித்து உட்கார்ந்திருப்பார்கள். என் மனைவி ஒரு வரி சொல்லிக்கொடுப்பாள். "அண்ணாச்சி, கால் கிலோ துவரம்பருப்பு" என்று சத்தம் வரும். புத்தகம் மூடும்.

நான் என்ன செய்தேன் தெரியுமா? மகனைக் கூப்பிட்டுத் தராசுப் பக்கத்தில் நிறுத்தினேன். பொட்டலம் மடிக்கவும் சில்லறை எண்ணவும் பழக்கினேன். "கடைதான் இவனுக்குப் பள்ளிக்கூடம், கணக்கு நல்லா வருது" என்று வருகிறவர்களிடமெல்லாம் பெருமையடித்தேன். சாயங்காலமானால் சபைப் பிள்ளைகளுக்குப் போன் வழியாய் ஓய்வுநாள் பள்ளி நடத்துவேன். ஊரான் பிள்ளையை ஊட்டி வளர்த்தால் தன் பிள்ளை தானே வளரும் என்கிற பழமொழியை எனக்கு வசதியாய்ப் பிடித்துக்கொண்டேன்.

ஏழெட்டு மாதம் போச்சு. ஒருநாள் இராத்திரி குடும்ப ஜெபத்தில் மகனை 23-ம் சங்கீதம் வாசிக்கச் சொன்னேன். முதல் இரண்டு வசனம் கடகடவென்று வந்தது. மூன்றாவதில் நின்றுவிட்டான். அக்காள் காதில் மெதுவாய்ச் சொல்லிக்கொடுத்தாள். எனக்குச் சந்தேகம் வந்தது. வேறொரு பக்கத்தைத் திருப்பிக் கொடுத்தேன். எழுத்துக்கூட்டிப் பார்த்து, பாதியில் அழுதுவிட்டான். அதுவரை வாசிக்கவேயில்லை, மனப்பாடமாய் ஒப்பித்திருக்கிறான்!

நான் அவன் பக்கத்தில் உட்கார்ந்து எழுத்தின்மேல் விரலை வைத்தேன். அவன் என் முகத்தைப் பார்த்து, "அப்பா, நாளைக்குக் கடை லீவா?" என்று கேட்டான். கடை அடைத்தால்தான் அப்பா பக்கத்தில் உட்காருவார் என்று பிள்ளை தெரிந்து வைத்திருக்கிறான். அன்று இராத்திரி எனக்குத் தூக்கம் வரவில்லை.

தேவ பிள்ளையே, உன்னதப்பாட்டில் அந்தப் பெண் என்ன சொல்லிப் புலம்புகிறாள்? மற்றவர்களுடைய தோட்டத்துக்குக் காவல் இருந்தாள். தன்னுடைய தோட்டம் பாழாய்ப் போயிற்று. அவள் சோம்பேறி அல்ல. வெயிலில் கருத்துப்போகுமட்டும் பாடுபட்டவள். ஏலியும் கர்த்தருடைய ஆலயத்தில்தான் இருந்தான். ஆனாலும் சொந்தக் குமாரரை அடக்காததினால் அவன் வீட்டின்மேல் நியாயத்தீர்ப்பு வந்ததே (1 சாமுவேல் 3:13).

அப்படியானால் தொழிலை விட்டுவிட வேண்டுமா? இல்லை! ஆக்கில்லாவும் பிரிஸ்கில்லாளும் கூடாரம் பண்ணுகிற தொழிலாளிகள். பவுலும் அவர்களோடே தங்கி அந்தத் தொழிலைச் செய்தார். அந்தத் தம்பதிகள்தான் அப்பொல்லோவைத் தங்களிடத்தில் அழைத்து, அவன் அறியாததைத் தெளிவாய்ச் சொல்லிக்கொடுத்தார்கள். நீதிமொழிகள் 31-ல் வருகிற ஸ்திரீயும் வியாபாரம் பண்ணுகிறவள்தான். அவள் நாவிலே போதகமும் இருந்தது. தொழிலும் போதகமும் ஒரு வீட்டில் சேர்ந்திருக்கலாம்.

எப்படி? இங்கிலாந்தில் எப்வொர்த் என்ற ஊரில் சூசன்னா வெஸ்லி அம்மையார் இருந்தார்கள். பெற்றது 19 பிள்ளைகள், பிழைத்தது 10. வீட்டில் கடன். 1705-ல் கணவர் கடனுக்காகச் சிறைக்கே போனார். அப்படிப்பட்ட வீட்டில் அந்தத் தாயார் காலை 9 முதல் 12 வரை, மதியம் 2 முதல் 5 வரை பிள்ளைகளுக்குப் பாடம் நடத்தினார்கள். அதோடு, வாரத்தில் ஒரு இராத்திரி ஒவ்வொரு பிள்ளையோடும் தனியே பேசுவதற்கென்று ஒதுக்கினார்கள். வியாழக்கிழமை ஜான் வெஸ்லிக்கு. அவர் வளர்ந்து ஊழியக்காரரான பின்பும் அந்த வியாழக்கிழமையை நினைத்துத் தாயாருக்குக் கடிதம் எழுதினார்.

நாங்களும் ஒரு தீர்மானம் எடுத்தோம். காலை ஐந்தரைக்குத் திறந்த கடையை ஆறரைக்கு மாற்றினோம். அந்த ஒரு மணி நேரம் பிள்ளைகளுக்கு. யார் ஷட்டரைத் தட்டினாலும் எழும்புவதில்லை. விடியற்காலையில் சீனியும் தேயிலையும் வாங்குகிற டீக்கடைக்காரர் வேறு கடைக்குப் போய்விட்டார். இன்றுவரை திரும்பி வரவில்லை. நஷ்டம்தான், மறைக்கமாட்டேன். ஆனால் அடுத்த கிறிஸ்துமஸ் ஆராதனையில் லூக்கா 2-ம் அதிகாரத்தை என் மகன் புத்தகத்தைப் பார்த்து, தானே வாசித்தான். ஸ்தோத்திரம்!

2021 நவம்பர் 1-ல் சின்ன வகுப்புகளுக்கும் பள்ளி திறந்தது. எங்கள் காலை நேரம் நிற்கவில்லை. பள்ளிக்கு அனுப்பினாலும், வீட்டிலேயே வைத்துப் படிப்பித்தாலும், உபாகமம் 6-ம் அதிகாரத்தின் பொறுப்பு பெற்றோருக்குத்தான்.

பிள்ளை கடையில் ஒத்தாசை செய்வது தப்பல்ல. 2016-ல் திருத்தப்பட்ட சட்டமும், படிப்பு நேரம் போக, ஆபத்தில்லாத குடும்பத் தொழிலில் பிள்ளை உதவ இடங்கொடுக்கிறது. பாட நேரத்தைக் கடை விழுங்கும்போதுதான் தப்பு. தனியாய்க் கடை நடத்துகிற தாய்மாரே, ஒரு மணி நேரம் முடியாவிட்டால் கால் மணி நேரம் குறியுங்கள். ஆனால் அது கல்லாப்பெட்டி கேட்டாலும் கொடுக்காத கால் மணி நேரமாய் இருக்கட்டும்.

ஜெபிப்போமா? "ஆண்டவரே, எங்கள் கைகளின் பிரயாசத்தை ஆசீர்வதியும். கணக்கு நோட்டைப் பார்க்கிற எங்கள் கண்கள் எங்கள் பிள்ளைகளின் முகத்தையும் பார்க்கக் கிருபை தாரும். தவறவிட்ட நாட்களை மன்னியும். இயேசுவின் நாமத்தில், ஆமென்."