ஓவியங்கள் காத்த ஊர்

அழகிய பொருள்கள் தம்மை வைத்திருப்போரைக் காக்கும் என்ற நம்பிக்கை மனிதனிடம் மிகப் பழையது. கோயிலிலுள்ள திருவுருவம் ஊரைக் காக்கும் என்பது அதன் சமய வடிவம். அதன் நவீன வடிவமொன்றை மேற்கு யப்பானின் குரஷிக்கி நகரிற் கேட்கலாம். இரண்டாம் உலகப் போரின் இறுதி மாதங்களில் யப்பானிய நகரங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எரிந்தபோது குரஷிக்கியின் பழைய நகர்ப்பகுதி எரியாது எஞ்சியது. அங்குள்ள ஒகாரா கலைக்கூடமே அதற்குக் காரணம் என்பர் சிலர். 1932 இல் சர்வதேச சங்கத்தின் லிற்றன் ஆணைக்குழுவைச் சார்ந்த சிலர் இக்கூடத்திற்கு வந்தனர் என்றும், கீழைத்தேயச் சிறு நகரொன்றில் எல் கிரேக்கோவின் ஓவியத்தைக் கண்டு வியந்தனர் என்றும், அவ்வியப்பே பின்னாளிற் குண்டுவீச்சு விமானங்களை விலக்கி வைத்தது என்றும் கதை விரியும். இக்கதை உண்மையா என்பது ஒரு வினா. உண்மையாயின் அது நியாயமா என்பது வேறொரு வினா. இரண்டாவதே கடினமானது, ஆயினும் முதலாவதைக் கடந்தே அதனை அடைதல் வேண்டும்.

ஒகாரா கலைக்கூடம் 1930 இல் திறக்கப்பட்டது. அதனை நிறுவிய ஒகாரா மகோசபுரோ நூற்பாலை முதலாளி. அவருடைய நண்பரும் ஓவியருமான கொஜிமா தொரஜிரோ பெல்ஜியத்திற் பயின்றவர். ஐரோப்பாவுக்குச் செல்ல வாய்ப்பற்ற யப்பானிய மாணவர் மேலை ஓவியங்களை நேரிற் காணவேண்டும் என்ற வேட்கையால், ஒகாராவின் பொருளுதவியுடன் அவர் ஓவியங்களைத் தேடி வாங்கினார். மொனேயின் நீராம்பல் ஓவியமொன்றை அவ்வோவியரிடமே பெற்றார். தேவதூதர் மரியாளுக்குச் செய்தியுரைக்கும் காட்சியை எல் கிரேக்கோ தீட்டிய ஓவியத்தை 1922 இல் பாரிசில் வாங்கினார். கூடம் எழுமுன்னரே, 1921 இல், குரஷிக்கியின் ஆரம்ப பாடசாலையொன்றில் இத்தொகுதியின் முதற் பகுதி காட்சிக்கு வைக்கப்பட்டது. கொஜிமா 1929 இல் இறந்தார். அவர் நினைவாகவே கிரேக்கத் தூண்களையுடைய முகப்போடு அக்கட்டிடம் கால்வாயோரத்தில் எழுந்தது. வெண்சுவர்ப் பண்டகசாலைகளுக்கு நடுவே அத்தூண்களைப் பார்க்கும்போது முதலிற் சற்றுச் சிரிப்பே வரும். உள்ளே சென்றபின் சிரிப்பு அடங்கிவிடுகிறது.

குரஷிக்கியிலிருந்து ஒகயாமாவுக்குப் புகையிரதத்தில் இருபது நிமிடங்கள்கூடச் செல்வதில்லை. ஓவியங்கள் ஊரைக் காத்தன என்ற கதையை அளந்து பார்ப்பதற்கு இவ்வயல் நகரைவிடச் சிறந்த அளவுகோல் இல்லை. ஒகயாமாவிலும் செல்வங்கள் இருந்தன. 1597 இல் முற்றுப்பெற்ற கோட்டையின் கரிய மாடக்கோபுரம் 1931 இல் தேசியச் செல்வமாக அறிவிக்கப்பட்டது. ஆற்றின் மறுகரையில் 1700 இல் நிறைவெய்திய கொரக்குவென் பூங்கா, யப்பானின் மூன்று தலைசிறந்த பூங்காக்களுள் ஒன்றாக எண்ணப்படுவது. 29.06.1945 அதிகாலையில் அமெரிக்க விமானங்கள் இந்நகர்மீது தீக்குண்டுகளைப் பொழிந்தன. 1,700 இற்கும் மேற்பட்டோர் மாண்டனர். மாடக்கோபுரம் எரிந்தது, பூங்காவின் மண்டபங்களும் எரிந்தன. அதற்கு ஒரு வாரத்திற்கு முன்னர், 22 ஆம் திகதி, மிசுஷிமாவிலிருந்த விமானத் தொழிற்சாலை தாக்கப்பட்டது. மிசுஷிமா இன்று குரஷிக்கி மாநகரின் ஒரு பகுதி. எனவே, ஓவியம் இருந்ததனால் ஒரு நகர் தப்பியது எனின், கோட்டையும் பூங்காவும் இருந்த நகர் ஏன் தப்பவில்லை என்ற வினாவுக்குக் கதையில் விடையில்லை. விமானிகள் கலையை மதித்தனர் என்பதைவிட, அழிப்பதற்கு வேறு இடங்களைத் தெரிந்தெடுத்தனர் என்பதே பொருந்தும்.

கதை பொய்த்துவிட்டது என்று இத்துடன் நிறுத்திவிடலாம். ஆனால் அவ்வாறு நிறுத்தவொண்ணாதபடி வரலாற்றில் உண்மையான நிகழ்ச்சியொன்று உண்டு. அணுகுண்டு வீசுவதற்கெனத் தெரிந்த நகரங்களின் பட்டியலில் கியோத்தோ இருந்தது. அமெரிக்கப் போர்ச் செயலாளர் ஹென்றி ஸ்ரிம்சன் அதனை நீக்குமாறு வற்புறுத்தினார். அது யப்பானியரின் பழைய தலைநகர், கலைக்கும் பண்பாட்டுக்கும் உறைவிடம் என்பது அவர் கூறிய காரணங்களுள் ஒன்று. அதனை அழித்தால் போருக்குப் பின்னர் யப்பானியரின் பகை ஆறாது என்பது மற்றொன்று. 1945 யூலை இறுதியிற் பட்டியலில் நாகசாகி சேர்க்கப்பட்டது. ஆகஸ்ட் 9 ஆம் நாள் முதலிலக்காகிய கொக்குரா புகையாலும் மேகத்தாலும் மறைந்திருந்தமையால் விமானம் நாகசாகியை நோக்கித் திரும்பியது. அவ்வாண்டு முடிவதற்குள் அங்கு இறந்தோர் ஏறத்தாழ 70,000 பேர்.

அழகு ஒரு நகரைக் காத்தது என்று சொல்லத்தக்க நிகழ்ச்சி இதுவே. இது நியாயமா?

நியாயமே என்பார் இவ்வாறு வாதிக்கலாம்: நகரங்கள் மீண்டும் எழும், மக்கள் மீண்டும் பிறப்பர், நூற்றாண்டுகள் பழைய கோயிலோ ஓவியமோ மீண்டும் தோன்றாது, அது இனிப் பிறக்கப் போகின்றவர்களுக்கும் உரியது. கேட்பதற்கு இவ்வாதம் கம்பீரமானது. ஆனால் அது ஓவியத்தைத் தனியொன்றாகவும் மனிதரைத் திரளாகவும் எண்ணுகிறது. பிறப்போர் வேறு, இறந்தோர் வேறு. ஒகயாமாக் கோட்டையே இதற்குச் சான்று. 1966 இல் அதன் மாடக்கோபுரம் கொங்கிறீற்றாற் கட்டப்பட்டது. புறத்தோற்றம் பழையதை ஒத்தது. பழையதை நேசித்தவர்க்கு அது பழையது அன்று என்பது தெரியும். ஆயினும் கட்டிடத்துக்கு ஒரு பிரதியாவது கிடைத்தது. அன்றிரவு இறந்த 1,700 பேருள் ஒருவருக்கேனும் பிரதி இல்லை. மீளாமையே மதிப்பின் அளவாயின், தட்டு ஓவியத்தின் பக்கம் தாழ்வதற்கில்லை.

ஜேர்மன் தத்துவஞானி கான்ற் 1785 இல் வெளியிட்ட ஒழுக்கவியல் நூலிற் பொருள்களுக்கு விலை உண்டு, மனிதருக்கு உள்ளது மாண்பு என வேறுபடுத்தினார். ஓவியம் இவற்றுள் எதிலும் எளிதாக அடங்குவதில்லை என்பது என் கருத்து. கொஜிமா விலை கொடுத்தே வாங்கினார். ஆனால் அவ்விலையைச் சொல்வதால் அவ்வோவியத்தைப் பற்றி எதுவும் சொன்னதாகாது. அதேவேளை, பார்ப்பதற்கு ஒருவருமில்லாத உலகில் அது சாயம் பூசிய துணியே. அதன் மேன்மை காணும் மனிதரிடமிருந்து கடன் பெற்றது. கடன் கொடுத்தவனைப் பலியிட்டுக் கடன் பெற்றதைக் காப்பது என்ன தர்மம்?

இதனால் ஸ்ரிம்சன் தவறிழைத்தார் என்று ஆகிவிடாது. கியோத்தோவும் எரிந்திருந்தால் நாகசாகிக்கு நீதி கிடைத்திருக்கும் என எவரும் சொல்லார். தவறு பட்டியலிலிருந்து ஒரு பெயரை நீக்கியதில் இல்லை. நீங்கிய இடத்தை இன்னொரு பெயரால் நிரப்பவேண்டும் என்ற ஏற்பாட்டிலேயே இருந்தது. கியோத்தோ மக்கள் மனிதர் என்பதனாலன்றி, கோயில்களுக்கு அயலவர் என்பதனாலேயே உயிர் பிழைத்தனர் என்பதும் அங்கு மறைந்து நிற்கிறது. குரஷிக்கிக் கதையின் குறையும் இத்தகையதே. எங்களை ஓவியம் காத்தது என்பவர், அறியாமலே, இருபது நிமிடத் தொலைவிலுள்ள அயலவரிடம் காக்கத்தக்க ஏதோ ஒன்று இருக்கவில்லை என்றும் சொல்லிவிடுகிறார். தப்பியவன் தன் தகுதியால் தப்பினேன் என்பது இறந்தவனை இரண்டாம் முறை அவமதிப்பதாகும்.

ஒகாரா மகோசபுரோ இத்தகைய மயக்கத்தில் இருந்தவராகத் தெரியவில்லை. கலைக்கூடத்திற்கு முன்னரே அவர் 1919 இற் சமூக ஆய்வு நிலையத்தையும், 1921 இல் உழைப்பு பற்றிய விஞ்ஞான நிலையத்தையும், 1923 இல் வைத்தியசாலையையும் நிறுவினார். ஆலைப்பெண்களின் உழைப்பிலிருந்தே இவை அனைத்திற்கும் பணம் வந்தது என்ற குற்றச்சாட்டு நியாயமானது. அதனை மறைத்தல் ஆகாது. ஆயினும் ஓவியமா உயிரா என்ற தெரிவை அவர் எதிர்கொண்ட முறை கவனிக்கத்தக்கது: வைத்தியசாலை முந்தியது, ஓவியக்கூடம் பிந்தியது, இரண்டும் ஒரே ஊரில் எழுந்தன. இன்றும் இரண்டும் இயங்குகின்றன.

ஒகயாமாவில் 1988 இல் திறக்கப்பட்ட மாகாணக் கலைக்கூடம் வேறு நெறியைக் கொண்டது. தூரதேயத்துச் செல்வங்களைவிட அம்மண்ணோடு தொடர்புடைய கலைஞரின் ஆக்கங்களையே அது முதன்மையாகச் சேர்க்கிறது. அவர்களுள் ஒருவர் குனியோஷி யசுவோ. 1889 இல் ஒகயாமாவிற் பிறந்து, 1906 இல் அமெரிக்கா சென்று, நியூயோர்க்கில் ஓவியராகப் புகழ்பெற்றவர். 1941 டிசம்பரில் அந்நாட்டரசு அவரைப் பகைநாட்டு அந்நியராக வகைப்படுத்தியது. அந்நிலையிலும் அவர் அமெரிக்காவின் பக்கம் நின்று, யப்பானிய இராணுவத்திற்கு எதிரான சுவரொட்டிகளை வரைந்தார். அப்போர் முடிவதற்கு முன்னர் அவர் பிறந்த ஊர் எரிந்தது. 1953 இல், அமெரிக்கக் குடியுரிமை கைக்கு எட்டுமுன்னரே, அவர் இறந்தார். அவருடைய ஓவியங்கள் இன்று ஒகயாமாவில் அக்கூடத்திலே தொங்குகின்றன. கோட்டை அங்கிருந்து நடக்கும் தொலைவிலேயே உள்ளது.