யாருடைய மூச்சால் அளப்பது?

பிறருடைய முயற்சியை நாம் எந்த அளவுகோலால் அளக்கிறோம்? இக்கேள்வியின் முழுப் பொருளை நான் நூல்களிலிருந்து கற்கவில்லை. தில்லியில் ஒரு மருத்துவமனையின் நீண்ட தாழ்வாரத்தில், என் தங்கை நடந்து செல்வதைப் பார்த்தபடி நின்றபோதுதான் கற்றேன்.

பணியின் பொருட்டுத் தில்லிக்கு வந்த அவள் எங்கள் இல்லத்திலேயே தங்கினாள். வீடு மூன்றாவது மாடியில், லிஃப்ட் கிடையாது. இரண்டாவது மாடித் திருப்பத்தில் அவள் எப்போதும் நின்றுவிடுவாள். அண்டை வீட்டாரின் துளசித் தொட்டியைப் பார்ப்பதுபோலவும், கைப்பையில் எதையோ தேடுவதுபோலவும் சற்று நேரம் கழிப்பாள். காய்கறிப் பையைத் தூக்கி வரச் சொன்னால் தயங்குவாள். விடுமுறை நாட்களில் படுத்தே இருப்பாள். முப்பது வயது நிறையாத பெண். காய்ச்சல் இல்லை, இருமல் இல்லை, முகத்தில் வாட்டமும் இல்லை. "உனக்கு உடம்பு வணங்கவில்லை" என்று பலமுறை கடிந்துகொண்டேன். ஈராண்டுகள் இவ்வாறு கழிந்தன. ஒரு நாள் படியேறும்போதே மயங்கி விழுந்தாள்.

மறைந்திருந்த உழைப்பு

நுரையீரல் தமனிகளில் உயர் அழுத்தம் என்றார் மருத்துவர். கையில் பட்டை கட்டி அளக்கும் இரத்த அழுத்தம் வேறு, இது வேறு. இதயத்தின் வலப்புறத்திலிருந்து நுரையீரலுக்குச் செல்லும் குழாய்களில், ஓய்வு நிலையில் சராசரி அழுத்தம் சுமார் 14 மில்லிமீட்டர் பாதரச அளவுதான். எக்கோ பரிசோதனையில் ஐயம் எழுந்தால், மெல்லிய குழாய் ஒன்றைச் சிரை வழியாக இதயத்தின் வலப்பக்கத்திற்குச் செலுத்தி நேரடியாக அளந்தே நோயை உறுதி செய்கின்றனர்.

இதயத்தின் வலது கீழறை, குறைந்த அழுத்தத்தில் வேலை செய்வதற்கென அமைந்தது. அதன் சுவர் மெல்லியது. நுரையீரல் குழாய்கள் குறுகும்போது அச்சுவர் முதலில் தடிக்கிறது. பின்னர் அறையே விரிந்து தளர்கிறது. இதைக் கேட்டபோது என் நெஞ்சு கனத்தது. எதைச் சோம்பல் என்று நான் கண்டேனோ, அந்நேரத்திலும் அவளுடைய இதயம் பெருஞ்சுமை ஒன்றை ஓயாமல் தள்ளிக்கொண்டிருந்தது. உழைப்பு இருந்தது, அதைக் காணும் கண்தான் என்னிடம் இல்லை.

தாழ்வாரத்தில் ஒரு பாடம்

இந்நோய்க்கான சிறப்புப் பிரிவுக்கு இப்போது தவறாமல் செல்கிறோம். காத்திருக்கும் கூடத்தில் பல மாநிலத்தார் அமர்ந்திருப்பர். சிறுவயதில் தொண்டைப் புண்ணைத் தொடர்ந்து வந்த வாதக் காய்ச்சலால் இதய வால்வு சுருங்கிய தாய் ஒருவர்; இதயத்தில் துளையோடு பிறந்து, உரிய காலத்தில் அது மூடப்படாத இளைஞர் ஒருவர்; காலில் உறைந்த இரத்தக்கட்டி நுரையீரலை அடைத்துவிட்ட பெரியவர் ஒருவர். என் தங்கைக்கோ காரணம் இன்னதென்று கண்டறிய இயலாத வகை. அமர்ந்திருக்கும் வரை இவர்களில் எவரையும் நோயாளி என்று சொல்ல இயலாது.

அங்கே ஆறு நிமிட நடைப் பரிசோதனை உண்டு. முப்பது மீட்டர் நீளமுள்ள சமதளத்தில், ஆறு நிமிடங்களில் எவ்வளவு தொலைவு நடக்க முடிகிறது என்று பார்ப்பார்கள். இதற்கென 2002-ஆம் ஆண்டில் அமெரிக்க மார்பு நோயியல் சங்கம் வகுத்த நெறிமுறை நம் சிந்தனைக்குரியது. நோயாளி தம் வேகத்திலேயே நடக்கலாம், வேகத்தைக் குறைக்கலாம், நின்று சுவரில் சாய்ந்து இளைப்பாறலாம். பரிசோதிப்பவர் உடன் நடந்து வேகத்தைக் கூட்டக் கூடாது. நன்றாக நடக்கிறீர்கள், இன்னும் இத்தனை நிமிடங்கள் உள்ளன என்பது போன்ற வரையறுத்த சொற்களை மட்டும், ஒரே சீரான குரலில் சொல்ல வேண்டும். கடிந்துரைக்கு அங்கே இடமில்லை. மிகையான புகழ்ச்சிக்கும் இடமில்லை.

முதல் முறை அவள் நடந்தது 310 மீட்டர். நலமுடையோர் பலர் 500 மீட்டருக்கு மேல் நடந்துவிடுவர். ஆயினும் மருத்துவர் பக்கத்தில் நடந்தவரோடு அவளை ஒப்பிடவில்லை. அடுத்த முறை வரும்போது இந்த 310-உடன்தான் ஒப்பிடுவோம் என்றார்.

ஓர் ஐயம்

அன்று மாலை அவளிடம் மன்னிப்புக் கேட்டேன். அவள் சொன்னாள்: "அண்ணா, நீங்கள் சொன்னதை நானும் நம்பிவிட்டேன். நான் சோம்பேறி என்றுதான் எனக்கே தோன்றியது. சோம்பலுக்கு யாராவது டாக்டரிடம் போவார்களா?"

என் சொல் அவளை வருத்தியது மட்டுமன்று. அவளுடைய உடல் சொன்ன உண்மையையே அவள் நம்பாதபடி செய்துவிட்டது. இந்நோயின் அறிகுறிகள் தொடங்கி, அது உறுதிப்படுவதற்குப் பலருக்கு இரண்டு ஆண்டுகளுக்கு மேலாகிவிடுகிறது. அந்தத் தாமதத்தில் என்னைப் போன்றோரின் நாவுக்கும் பங்கு உண்டு.

அப்படியானால் சோம்பலைக் கண்டிக்கவே கூடாதா? சாக்குப்போக்குகளையெல்லாம் ஏற்றுக்கொள்வதுதான் கருணையா? அன்று. சோம்பல் உலகில் உண்டு. அதைத் திருத்துவதும் அன்பின் கடமையே. ஆனால் தீர்ப்புக்கு முன்னால் கேள்வி வர வேண்டும். "ஏன் செய்யவில்லை?" என்று நான் கேட்டதெல்லாம் கேள்வியின் உருவில் வந்த தீர்ப்புகள். "எத்தனை படி ஏறிய பின் நிற்க வேண்டியிருக்கிறது?" என்று மருத்துவர் கேட்டார். ஈராண்டில் ஒரு முறையேனும் நான் அதைக் கேட்டிருக்கலாம்.

பிறரிடம் கனிவும் தன்னிடம் கண்டிப்பும் வேண்டும் என்பர். உண்மையோடு சேராத கண்டிப்பு தன்மீதும் தவறே. தலை சுற்றினால் உடனே நின்றுவிட வேண்டும் என்பது அவளுக்கு இடப்பட்ட கட்டளை. வீம்பாக மேலும் பத்து படிகள் ஏறுவது முயற்சியாகாது. மருத்துவமும் தன் அளவுகோலைத் திருத்திக்கொள்ளத் தயங்கவில்லை. இந்நோய்க்குரிய அழுத்த எல்லை முன்பு 25 ஆக இருந்தது. 2018-ஆம் ஆண்டின் உலகக் கருத்தரங்கில் அது 20 ஆகக் குறைக்கப்பட்டது. நாம் மனிதர்களைப் பற்றிக் கொண்ட முடிவுகளை மட்டும் ஏன் திருத்தத் தயங்குகிறோம்?

குழாய்களைத் தளர்த்தும் மாத்திரைகளை அவள் நாள்தோறும் உட்கொள்கிறாள். அவை நோயை முற்றிலும் நீக்குவதில்லை, சுமையைக் குறைக்கின்றன. ஓராண்டுக்குப் பின் அவள் 365 மீட்டர் நடந்தாள். தரைத்தள வீட்டிற்கு மாறிவிட்டோம். கடைத்தெருவுக்குச் செல்லும்போது அவள் நிற்குமிடத்தில் நானும் நிற்கிறேன். ஏன் நின்றாய் என்று கேட்பதில்லை. அவள் மீண்டும் அடியெடுத்து வைக்கும்போது உடன் நடக்கிறேன்.