ஈரம் காய்வதற்குள்...

திருச்சியிலிருந்து துறையூர் போகிற வழியில் சுமார் 20 கிலோமீட்டரில் திருவெள்ளறை. புண்டரீகாட்சப் பெருமாள் கோயிலும், ஸ்வஸ்திக் வடிவத்தில் நாலு பக்கமும் படி இறங்குகிற பழைய கிணறும் படம் போடுகிறவர்களுக்கு விருந்து. ஆனால், சித்திரை வெயிலில் அங்கே உட்கார்ந்து அக்ரிலிக் பெயின்ட்டில் வரைந்து பாருங்கள்... தெரியும் சேதி!

வானத்துக்கு நீலம் குழைத்து இந்த ஓரத்தில் ஆரம்பித்து அந்த ஓரத்துக்குப் போவதற்குள், முதலில் பூசியது காய்ந்திருக்கும். இரண்டையும் இழைக்கலாம் என்று பிரஷ்ஷை வைத்தால் கோடு விழும். ஆயில் பெயின்ட் அப்படியில்லை. அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து சாவகாசமாக இறுகும். நாள்கணக்கில் டைம் கொடுக்கும். 1950-களில் கடைக்கு வந்த தண்ணீர் கலக்கும் அக்ரிலிக்கோ, பிளாஸ்டிக் வகைத் துகள்கள் தண்ணீரில் மிதக்கிற சரக்கு. தண்ணீர் ஆவியானதும் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டி ஒரே தோலாகிவிடும். மெல்லிய பூச்சு என்றால் பத்து, பதினைந்து நிமிஷம். அப்புறம் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றினாலும் கரையாது. நான் படித்த காமர்ஸ் பாஷையில் சொன்னால், ஆயில் பெயின்ட் கடன் வியாபாரம். அக்ரிலிக் ரொக்கம்!

தண்ணீர் தெளிக்கலாம், தாமதமாகக் காய வைக்கும் திரவம் கலக்கலாம். அதெல்லாம் கொஞ்ச நேரம் வாங்கித் தரும், அவ்வளவுதான்.

இதில் ஒரு விஷயம் கவனிக்க வேண்டும். ஈரமாக இருக்கும்போது தப்பைத் துடைத்துவிடலாம். நன்றாகக் காய்ந்தபிறகு மேலே இன்னொரு கோட் அடிக்கலாம். இரண்டுக்கும் நடுவே பிசுபிசுவென்று இருக்கிறதே, அந்த நேரத்தில்தான் கை வைக்கக் கூடாது. தேய்த்தால் தோல் உரிந்துகொண்டு வரும்.

வீட்டிலும் இதே கதைதான். பாகப் பிரிவினைப் பேச்சில் அண்ணனைப் பார்த்துத் தம்பி ஒரு வார்த்தை விட்டுவிடுகிறான். அந்த நிமிஷமே, ''தப்புண்ணா, வாய் தவறிடுச்சு'' என்றால் முடிந்தது. விட்டுவிட்டு, ராத்திரி பத்து மணிக்கு போன் போட்டு, ''நான் எந்த அர்த்தத்துல சொன்னேன்னா...'' என்று விளக்க ஆரம்பித்தால் புண் பெரிசாகும். நிதானமாகச் செய்ய வேண்டியதை நிதானமாகச் செய், தள்ளிப்போடக் கூடாததைத் தள்ளிப்போடாதே என்று வள்ளுவர் ஒரே குறளில் இரண்டையும் சொன்னது சும்மா இல்லை.

சரி, காய்ந்தே போய்விட்டது. அழிக்கவே முடியாது என்றால் மன்னிப்பு எதற்கு?

கணக்கு எழுதுகிறவர்களைக் கேளுங்கள். பேரேட்டில் விழுந்த தப்பான பதிவைச் சுரண்டக் கூடாது. கீழே திருத்தப் பதிவு போட வேண்டும். பழசும் இருக்கும், திருத்தமும் இருக்கும், கணக்கும் நேராகிவிடும். மன்னிப்பும் அப்படித்தான். நடந்ததை நடக்காததாக்குவது இல்லை அது. அதன்மேல் நல்லதாக ஒன்றை ஏற்றுவது. ஆனால், தண்ணியாக ஒரு கோட் அடித்தால் அடியில் இருப்பது பல்லிளிக்கும். ஒரு 'ஸாரி' போதாது. ஆஸ்பத்திரியில் துணைக்கு உட்காருவது, பொங்கலுக்கு வீடு தேடிப் போவது என்று நாலைந்து கோட்டாவது வேண்டும்.

அதற்கும் கேன்வாஸ் இருக்க வேண்டுமே! அண்ணன் போட்டோவுக்கு மாலை போட்டபிறகு எந்தக் கோட் அடிப்பது?

திருவெள்ளறைக் கிணற்றுக் கல்வெட்டில் இதற்கு ஒரு பாட்டே இருக்கிறது. முதுமை வந்து தளர்த்துவதற்கு முன்னால், உண்டது போக மிச்சத்தை ஊருக்குப் பயன்படும்படி வை என்கிறது அது. சொன்னபடி செய்தும் காட்டியிருக்கிறார்கள். பல்லவ மன்னன் தந்திவர்மனின் நாலாவது ஆட்சியாண்டில் கிணற்று வேலை தொடங்கி, ஐந்தாவது ஆண்டில் முடிந்துவிட்டது. சுமார் 1,200 வருஷத்துக்கு முந்தைய கதை.

வெட்டியவர் பெயர் கம்பன் அரையன். ஆலம்பாக்கம் விசையநல்லூழானின் தம்பி என்றுதான் கல்வெட்டு அவரை அறிமுகம் செய்கிறது. இன்றைக்கும் அந்த அண்ணனும் தம்பியும் ஒரே வரியில் இருக்கிறார்கள்.