மினுக்கத்தின் கீழே

பொய்ப்பல் என்ற சொல்லிலேயே ஒரு குற்றச்சாட்டு இருக்கிறது. மரக்காலை மரம் என்று எவரும் கண்டுகொள்வர். அதனால் யாரும் ஏமாறுவதில்லை. பீங்கானில் பல் செய்யும் தொழிலோ, பார்ப்பவர் கண்டுபிடிக்காமல் இருப்பதையே தன் வெற்றியாகக் கொள்கிறது. அப்படியாயின் ஏமாற்றுவதில் தேர்ச்சி பெறுவதைத்தான் நான் கற்றுக்கொண்டிருக்கிறேனா? கண்டியில் பல் ஆய்வுகூடமொன்றில் பயிலுநனாகச் சேர்ந்ததிலிருந்து இக்கேள்வி என்னோடு இருக்கிறது.

முதலில் தொழிலைச் சொல்ல வேண்டும். வைத்தியர் அனுப்பும் அச்சில் வார்த்தெடுத்த பல்லின்மேல் மெல்லிய உலோகத் தொப்பியொன்று அமைகிறது. அதன் கருமையை மறைக்க ஒளி ஊடுருவாத ஒரு பூச்சு. அதற்கு மேல், பல்லின் உட்பகுதிக்கு ஒரு தூள், எனாமலுக்கு இன்னொரு தூள் என நீரில் குழைத்துத் தூரிகையால் அடுக்க வேண்டும். மெல்லத் தட்டத் தட்ட நீர் மேலெழும். அதை ஒற்றியெடுக்க, துகள்கள் நெருங்கும். வெற்றிடப் போறணையில் 900 பாகை செல்சியஸ் அளவில் வேகும்போது பீங்கான் கனவளவில் ஏறத்தாழ மூன்றிலொரு பங்கு சுருங்கிவிடும். ஆகவே பல்லைவிடப் பெரிதாகவே கட்ட வேண்டும். கடைசியில் மினுக்கம் ஏற்றும் சூடு.

இவையெல்லாம் கைப்பழக்கத்தில் வந்துவிடும். நிறந்தான் கடினம். வீட்டா நிற வழிகாட்டியில் ஏ1 முதல் டி4 வரை 16 மாதிரிகள் உள்ளன. ஒன்றுகூடத் தூய வெள்ளையல்ல. வெற்றிலை போடும் முதியவரொருவரின் முன்பல்லில், என் ஆசிரியரான நானா மயிரிழைபோல ஒரு கபிலக் கோடு வரைந்துகொண்டிருந்தார். குறையொன்றை ஏன் புதிதாகச் சேர்க்கிறீர்கள் என்று கேட்டேன். "பக்கத்துப் பல்லுக்கிட்டக் கேளுங்க தம்பி, அதுதான் சாட்சி" என்றார்.

அழகுக்காகப் பற்களை அராவி இடைவெளி உண்டாக்கி அல்லாஹ்வின் படைப்பை மாற்றும் பெண்கள் சபிக்கப்பட்டதை அப்துல்லாஹ் இப்னு மஸ்ஊத் (ரலி) அறிவிக்கும் ஹதீஸ் நாமறிந்ததே. அதனுடன் சேர்த்துப் படிக்க வேண்டிய இன்னொன்று அபூதாவூதிலும் திர்மிதியிலும் உண்டு. குலாப் போரில் மூக்கை இழந்த அர்ஃபஜா (ரலி) வெள்ளியில் மூக்குச் செய்து பொருத்தினார், அது நாற்றமெடுத்தது. பொன்னால் செய்துகொள்ளும்படி நபி (ஸல்) அவர்கள் பணித்தார்கள். ஆண்களுக்கு விலக்கப்பட்ட பொன், இழந்த உறுப்புக்கு அனுமதிக்கப்பட்டது. பீங்கான் பல்லின் பிறப்பும் ஒரு நாற்றத்திலிருந்துதான் தொடங்குகிறது. 18ஆம் நூற்றாண்டில் பாரிஸுக்கு அருகே டுஷாத்தோ என்ற மருந்து தயாரிப்பாளர், தம் தந்தப்பற்களின் வாடை தாங்காமலே பீங்கானைத் தேடிப்போனார். 1013இல் மறைந்த குர்துபாவின் அஸ்ஸஹ்ராவியும், விழுந்த பல்லுக்கு மாட்டெலும்பில் பல் செதுக்கிப் பொற்கம்பியால் கட்டும் முறையை எழுதிவைத்தவர்தான்.

ஆக, இழந்ததை மீட்பது வேறு, இருப்பதை மாற்றுவது வேறு. ஆனால் மீட்பதும் பார்ப்பவரை ஏமாற்றத்தானே செய்கிறது என்று கேட்கலாம். இந்நகரத்தில் பௌத்த சகோதரர்கள் ஒரு பல்லைத் தம் உயிராகப் போற்றுகிறார்கள். அது யாருடையது என்பதிலேயே அதன் மதிப்பு முழுவதும் அடங்கியிருக்கிறது. கிரவுனை எவரும் மூலமென்று சொல்லி விற்பதில்லை. அணிபவருக்கு அது என்னவென்று தெரியும். வீதியில் எதிர்ப்படுபவருக்கு அதை அறியும் உரிமையில்லை. அறியும் உரிமையுள்ளவரிடம் மறைக்கும்போதே மறைப்பு மோசடியாகிறது.

எங்கள் தொழிலில் அந்த உரிமையுள்ளவர் நோயாளி. அவரோ எங்களைப் பார்ப்பதேயில்லை. நாங்களும் அவரது பெயரையும் சாந்து வாயையும்தான் பார்க்கிறோம். நீரைச் சரியாக ஒற்றாவிட்டால் பீங்கானுக்குள் காற்றுக்குமிழ் தங்கும்; மினுக்கம் ஏறிய பின் கண்ணுக்குத் தெரியாது. சில வருடங்கள் கழித்து இறைச்சித்துண்டொன்றைக் கடிக்கும்போது விளிம்பு உடையும். குறிப்பிட்ட கலப்புலோகத்துக்குப் பதிலாக மலிவான நிக்கல் கலப்பை வைத்தாலும் பூச்சு மூடிவிடும். நிக்கல் ஒவ்வாதவரின் முரசு மட்டும் அறியும். சந்தையில் தானியக் குவியலுக்குள் கைவிட்டு, உள்ளே ஈரத்தைக் கண்டு, ஏமாற்றுபவர் நம்மைச் சார்ந்தவரல்லர் என நபியவர்கள் கண்டித்த நிகழ்ச்சி இந்த மேசையில் உட்கார்ந்தபோதுதான் எனக்கு முழுதாக விளங்கிற்று. இங்கே குவியலுக்குள் கைவிட யாருமில்லை. அதனால்தான் இது அமானத்.

இவ்வளவும் தெளிந்த பின்னும் ஒன்று தெளியவில்லை. கலியாணத்துக்கு முன்பு, நோயற்ற நான்கு முன்பற்களைத் தேய்த்து, ஆக வெளுத்த நிறத்தில் கிரவுன் கேட்கும் ஓடர்கள் வருகின்றன. எங்களிடம் அச்சு வரும்போது பல் ஏற்கெனவே தேய்க்கப்பட்டுவிட்டது. நான் மறுத்தால் அது திரும்ப வளரப்போவதில்லை, பிள்ளை தேய்ந்த பல்லோடு நிற்கும். செய்து கொடுப்பது காயத்துக்கு மருந்தா, வழக்கத்துக்கு உடந்தையா? ஃபத்வாக்கள் அணிபவரைப் பற்றிப் பேசுகின்றன, வைத்திய ஒழுக்கநெறி வைத்தியரைப் பற்றிப் பேசுகிறது. செய்பவனின் கையைப் பற்றி நம் ஆலிம்களும் வைத்தியர்களும் ஒன்றாக உட்கார்ந்து பேச வேண்டும். அதுவரை, அச்சு வருவதற்கு முன்பே வைத்தியரைத் தொலைபேசியில் அழைத்துக் கேட்கும் வழக்கத்தையாவது எங்களைப் போன்ற ஆய்வுகூடங்கள் தொடங்கலாம்.