சோப்புத் தண்ணி

கனடாவுக்கு வந்த புதிதில் ஒரு உணவுத் தொழிற்சாலையில் இரவு வேலை செய்தேன். இயந்திரங்களைக் கழுவும் வேலை. கழுவும் திரவம் பெரிய நீலப் பீப்பாயில் வரும். பீப்பாயின் பக்கத்தில் சிவப்புக் கரையிட்ட ஒரு சாய்சதுரம். அதற்குள் ஒரு கையின் மீதும் ஒரு தகட்டின் மீதும் துளிகள் விழுந்து அரிக்கின்ற படம். பீப்பாயை இழுத்துக்கொண்டு திரிய முடியாது. அதனால் அதிலிருந்து சிறு போத்தல்களில் ஊற்றி எடுத்துப் போவோம். போத்தல்களில் ஒன்றும் எழுதியிருக்காது. எங்களுக்குத்தான் தெரியுமே, பிறகு என்னத்துக்கு எழுத வேண்டும்?

ஒரு இரவு புதிதாகச் சேர்ந்த பெடியன் ஒருவன் போத்தலைத் தூக்கிக் காட்டி, "அண்ணை, இது என்ன?" என்று கேட்டான். "சோப்புத் தண்ணி மாதிரித்தான், பயப்பிடாதை" என்றேன். வேலை அவசரம். கையுறை தேடிக் கொடுக்க நேரமில்லை. அவன் வெறுங்கையால் துடைத்தான். கை வழுவழுத்தது, சோப்புத்தான் என்று அவனும் நம்பியிருப்பான். காஸ்டிக் சோடா தோலில் இருக்கும் கொழுப்போடு சேர்ந்து சோப்பாகவே மாறுகிறது. அந்த வழுவழுப்பு அவனுடைய தோல் கரைகின்ற வழுவழுப்பு. அமிலம் போல உடனே சுரீரென்று எரிந்திருந்தால் கையை உதறியிருப்பான். காரம் பல நேரங்களில் அப்படி எச்சரிப்பதில்லை. விடியும்போது அவனுடைய விரல்கள் வெந்திருந்தன.

காயம் ஆறிவிட்டது. நான் சொன்னது பொய்யா என்ற கேள்விதான் ஆறவில்லை. ஏமாற்றும் எண்ணம் எனக்கு இருக்கவில்லை. ஆனால் எனக்குத் தெரிந்திருந்தது, அவனுக்குத் தெரியவில்லை, கை அவனுடையது.

கனடாவில் வேலைத்தல ஆபத்துப் பொருள்களுக்கான தகவல் முறை 1988 இல் நடைமுறைக்கு வந்தது. 2015 இல் அது உலகப் பொதுக் குறியீட்டு முறையோடு இணைக்கப்பட்டது. பொருளின் பெயர், படம், 'ஆபத்து' அல்லது 'எச்சரிக்கை' என்ற ஒற்றைச் சொல், என்ன செய்யும், எப்படித் தவிர்ப்பது, யார் விற்றது: இவை லேபிளில் இருக்க வேண்டும். வேறு பாத்திரத்தில் ஊற்றினால் அதற்கும் அடையாளம் இட வேண்டும். இதற்கு அடியில் இருப்பது அறியும் உரிமை. ஆபத்துக்கு உடம்பைக் கொடுப்பவனுக்கு அந்த ஆபத்தின் பெயரைக் கேட்கும் உரிமை உண்டு. சட்டம் அந்தப் பெயரை ஆங்கிலத்திலும் பிரெஞ்சிலும் கேட்கிறது. இரண்டும் சரளமாக வராத எத்தனையோ பேர் அந்தப் பீப்பாய்களை உருட்டுகிறார்கள். அதனால்தான் படம். ஆனால் படமும் பீப்பாயோடு நின்றுவிடுகிறது. போத்தலில் ஊற்றிய பிறகு மிஞ்சுவது பக்கத்தில் நிற்பவனின் வாய்ச்சொல் ஒன்றுதான். அந்த இரவு லேபிள் நான்தான்.

சரியான லேபிள் இருந்தால் கடமை முடிந்துவிடுமா? 2013 ஜூலை 6 ஆம் திகதி அதிகாலையில் கியூபெக்கின் லாக்-மெகான்ரிக் என்ற சிற்றூருக்குள் ஓட்டுநர் இல்லாமல் உருண்டு வந்த எண்ணெய் ரயில் கவிழ்ந்து எரிந்தது. 47 பேர் இறந்தார்கள். ரயில் உருண்டதற்குக் காரணம் போதிய கைப்பிரேக்குகள் போடப்படாதது; லேபிளுக்கு அதில் பங்கில்லை. தாங்கிகளில் கச்சா எண்ணெய்க்கான 1267 என்ற ஐ.நா. எண்ணும் இருந்தது. ஆனால் அந்த எண்ணோடு பொருளின் தரத்தையும் சொல்ல வேண்டும்: அதிக ஆபத்து, நடுத்தரம், குறைந்த ஆபத்து என்று மூன்று. அந்த எண்ணெய் குறைந்த ஆபத்துள்ளது என்று ஆவணத்தில் எழுதப்பட்டிருந்தது. சோதித்துப் பார்த்தபோது அது நடுத்தர வகை, எளிதில் தீப்பற்றக்கூடியது என்று போக்குவரத்துப் பாதுகாப்புச் சபை கண்டது. பெயர் சரி, அளவு தவறு. "சோப்புத் தண்ணி மாதிரித்தான்" என்று நான் சொன்னதும் அப்படிப்பட்ட ஒன்றுதான். ஆபத்தின் பெயரை முழுதாக மறைக்கத் தேவையில்லை. அதன் அளவைக் கொஞ்சம் குறைத்தால் போதும்.

அளவும் சரியாக இருந்தால்? 2021 மே மாதம் எக்ஸ்-பிரஸ் பேர்ள் என்ற சரக்குக் கப்பலில் நைட்ரிக் அமிலம் இருந்த கொள்கலன் ஒன்று கசிந்தது. அதற்குள் என்ன இருக்கிறது என்பது கப்பலில் இருந்தவர்களுக்குத் தெரியும். கட்டாரின் ஹமாட் துறைமுகத்திலும் குஜராத்தின் ஹசிரா துறைமுகத்திலும் அதை இறக்கக் கேட்டதாகவும், கசியும் அமிலத்தைக் கையாள வசதி உடனே இல்லை என்று பதில் வந்ததாகவும் கப்பல் நிறுவனம் கூறியது. கப்பல் கொழும்புக்கு வந்தது. மே 20 இல் அதில் தீ மூண்டது, ஜூன் 2 இல் இழுத்துச் செல்லும்போதே அடி தரைதட்டி அமிழத் தொடங்கியது. அந்தக் கூற்றின்படி பார்த்தால், அந்த இரு துறைமுகங்களிலும் குறை அறிவில் இல்லை. அங்கே லேபிளைச் சரியாக வாசித்தார்கள். வாசித்ததனாலேயே கையை எடுத்துக்கொண்டார்கள். ஆபத்தை அறிவிப்பது ஒன்று, அதை ஏற்றுக்கொள்வது வேறொன்று. முதலாவதுக்குச் சட்டங்கள் நிறைய இருக்கின்றன.

அதே கப்பலில் 1,600 தொன்னுக்கு மேல் பிளாஸ்டிக் மணிகளும் இருந்தன. பருப்பளவு வெள்ளை மணிகள், பிளாஸ்டிக் பொருள்கள் செய்வதற்கான மூலப்பொருள். கடல்வழி ஆபத்துச் சரக்கு விதிகளில் அவற்றுக்கு வகுப்பு எதுவும் இல்லை, ஆகவே சாய்சதுரமும் இல்லை. அமிலம் கடலில் கலந்து கரைந்துவிடும். மணிகள் கரையவில்லை. நீர்கொழும்புக் கரையில் பனி பெய்தது போல் குவிந்தன. மீன்பிடி தடைசெய்யப்பட்டது, கடலை நம்பிய குடும்பங்கள் கரையில் உட்கார்ந்திருந்தன. கப்பலில் நீண்ட காலக் கேட்டைச் சுமந்து வந்த சரக்குகளில் ஒன்று, லேபிளின்படி, ஆபத்தே இல்லாதது. 2024 இல் சர்வதேசக் கடல்சார் அமைப்பு இந்த மணிகளை எப்படிக் கட்டி ஏற்ற வேண்டும் என்று பரிந்துரைகள் வெளியிட்டது. அவை கட்டாயமில்லை.

எல்லாவற்றுக்கும் லேபிள் ஒட்டினால் யாரும் எதையும் வாசிக்கமாட்டார்கள் என்று ஒரு நண்பர் சொன்னார். உண்மைதான். நாற்பது எச்சரிக்கைகள் ஒட்டிய சுவரை நாங்கள் யாரும் நின்று வாசித்ததில்லை. ஆகவே தெரிவு செய்தே ஆக வேண்டும். எதைத் தெரிவு செய்தோம் என்பதில் யாரை நினைத்தோம் என்பதும் தெரிந்துவிடுகிறது. நைட்ரிக் அமிலத்தின் சாய்சதுரம் மாலுமியையும் துறைமுகத் தொழிலாளியையும் தீயணைப்பாளரையும் நினைத்து ஒட்டப்பட்டது. மீனவரை நினைத்து ஒட்டப்பட்ட லேபிள் ஒன்றும் அந்த மணிகளுக்கு இருக்கவில்லை.

பாதுகாப்புப் பயிற்சிகளில் ஒரு வரிசை சொல்லித் தருவார்கள். முதலில் ஆபத்தை அகற்று. முடியாவிட்டால் குறைந்த ஆபத்துள்ளதை மாற்றாக வை. அதுவும் முடியாவிட்டால் மூடி, தடுப்பு, காற்றோட்டம். அதற்குப் பிறகுதான் எச்சரிக்கையும் விதிமுறையும். கடைசியில் கையுறை. நடைமுறையில் வரிசை கீழிருந்து தொடங்குகிறது, ஏனென்றால் ஒரு தாளை ஒட்டுவதுதான் மலிவு. ஒட்டிய பிறகு பொறுப்பு ஒட்டியவனிடமிருந்து வாசிக்க வேண்டியவனுக்குப் போய்விடுகிறது. "எழுதித்தானே இருக்கு, நீ ஏன் பார்க்கேல்லை?" அந்தப் பெடியனிடமும் மேற்பார்வையாளர் இதையேதான் கேட்டார். பீப்பாயில் எழுதியிருந்தது உண்மை. அவன் பீப்பாயைப் பார்த்ததே இல்லை. நான் பக்கத்தில் நின்றேன், வாய் திறக்கவில்லை.

லேபிள் வேண்டாம் என்று இதிலிருந்து யாரும் எடுத்துக்கொள்ளக் கூடாது. போத்தலில் ஒரு சொல் எழுதியிருந்தால் அவனுடைய கை தப்பியிருக்கும். ஆனால் அது தெரிந்தவன் தெரியாதவனுக்குக் கொடுக்கும் வாக்கு: இது இன்னது, இவ்வளவு ஆபத்து, ஏதும் நடந்தால் நானும் நிற்பேன். முதல் இரண்டையும் அச்சடித்து ஒட்டலாம். மூன்றாவதை ஆள்தான் செய்ய வேண்டும்.

அடுத்த இரவு ஒரு மார்க்கர் வாங்கிக்கொண்டு போய் எல்லாப் போத்தல்களிலும் எழுதினேன். ஆங்கிலத்தில் பெயர், கீழே தமிழில் 'தோலை எரிக்கும்'. தமிழில் ஏன் என்று மேற்பார்வையாளர் கேட்டார். அந்தப் பெடியன் திரும்ப வேலைக்கு வருவான் என்று நினைத்திருந்தேன். அவன் வரவில்லை.